குளியல் தொட்டியில் வளர்ந்த கங்குன்

“இன்றைக்குக் கத்தரி வேண்டாம், உன் வாய் மட்டும் போதும்” என்று என் மேலதிகாரி லோமான் சொன்ன காலையில், நான் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரப் பூங்காப் பிரிவில் சேர்ந்து இரண்டாவது கோடை நடந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புல் வெட்டுவதும் வேலி கத்தரிப்பதும் என் வேலை. அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது அன்றுவரை ஒருவருக்கும் பயன்படவில்லை.

வண்டியில் விஷயத்தைச் சொன்னார். நகரசபை வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்றில் ஒரு தமிழ்ப் பெண் ஆபத்தான வெளிநாட்டு நீர்த்தாவரம் வளர்க்கிறாளாம். பக்கத்து ஓடைக்குள் பரவினால் உள்ளூர்ச் செடிகளுக்கு அழிவாம். தோட்டச் சங்கத் தலைவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். லோமானின் குரலைக் கேட்டவர்கள் ஓடைக்குள் முதலை புகுந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

அந்தப் பெண் ஜெசிந்தா அக்கா. மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் சலவை வேலை. கண்ணாடிக் கூடாரத்துக்குள் பழைய குளியல் தொட்டி ஒன்றை வைத்து அதில் கங்குன் வளர்த்திருந்தார். வள்ளைக்கீரை என்றும் சொல்வார்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு கொடுக்கும் ஞாயிறுகளில், செத்தல் மிளகாயும் உள்ளியும் போட்டுப் பிரட்டிய அந்தக் கீரைக்காகவே சனம் வரிசையில் நிற்கும். நானும் நின்றிருக்கிறேன்.

லோமான் விதியை வாசித்தார், நான் மொழிபெயர்த்தேன். இது குளிர் தாங்காது, கூடாரத்துக்குள்ளேயே ஐப்பசியில் கருகிவிடும், வருடா வருடம் புதுத் தண்டு ஊன்ற வேண்டும் என்றார் அக்கா. விதியில் குளிரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றார் லோமான். உலகத்தில் நடப்பதைவிடத் தாளில் இருப்பதை நம்புவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இத்தனைக்கும் ஓடைக்கரை நெடுக, எந்தக் காலத்திலோ அழகுக்கென்று ஜப்பானிலிருந்து கொண்டுவந்த புதர் மண்டிக்கிடந்தது. எங்கள் பிரிவே அதை வெட்டி வெட்டித் தோற்றிருந்தது. சங்கத் தலைவரின் துண்டில், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் கோக்கசஸ் செடி ஒன்று ஆளுயரத்துக்கு மேல் வெள்ளைக் குடை விரித்து நின்றது. வரும்போது லோமான் அதை அண்ணாந்து பார்த்துப் பாராட்டியிருந்தார். தமிழர் தின்னாத செடியென்றால் அது அலங்காரம்.

எங்களோடு வந்து நின்ற சங்கத் தலைவருக்கு விதி போதவில்லை. லோமானின் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தார். இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று லோமான் அவசரமாக என்னிடம் சொன்னார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, முதல் செடி வருமாம், பிறகு ஆக்கள் வருவினமாம், பிறகு ரெண்டையும் பிடுங்க ஏலாதாம் எண்டு இவர் சொல்லுறார்” என்றேன்.

அக்கா கைகளைப் பாவாடையில் துடைத்தார். “இந்தத் தண்டுகளைக் கொண்டுபோய் அவரையே ஓடையிலை நடச் சொல்லும், தங்கச்சி. தையிலை வந்து பாப்பம், ஒண்டாவது மிஞ்சியிருக்கோ எண்டு.”

அதையும் ஒரு சொல் விடாமல் ஜேர்மனில் சொன்னேன். சங்கத் தலைவரின் காது சிவந்தது. லோமான் என்னைப் பார்த்து, எல்லாவற்றையும் பிடுங்கு என்றார். வாய்க்குத்தானே கூட்டிவந்தீர்கள் என்றேன். கடைசியில் அவரே சட்டைக் கையோடு தொட்டிக்குள் குனிந்து பிடுங்கினார். சங்கத் தலைவர் குப்பைப் பையை விரித்துப் பிடித்தார். நானும் அக்காவும் வாசலில் நின்று பார்த்தோம்.

நாங்கள் வெல்லவில்லை. இலையுதிர் காலத்தோடு அக்காவின் துண்டைப் பறித்தார்கள். திருப்பித் தரச் சொல்லி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தோம், பதிலே இல்லை. அக்கா வீட்டுக் குளியலறைக்குள் கீரை ஊன்றினார், வெளிச்சம் போதாமல் வெளிறிச் செத்தது. மண்டபத்தில் அதற்குப் பிறகு முட்டைக்கோவாச் சுண்டல்தான். லோமான் அந்தக் குளிர்காலம் முழுக்க என்னைச் சருகு வாரவிட்டார். இலைகளாவது கேட்கக் கூடாத பகிடி சொல்லவில்லை.

இப்போது அலுவலகங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மொழிக்காக மட்டும் ஒருநாள் உங்களைக் கூப்பிடுவார்கள். போங்கள். ஆனால் அவர்கள் சொல்வதை மெழுகிக் கொடுக்காதீர்கள். நம்மவர் காயப்படுவார்களே என்று நாம் விழுங்கும் ஒவ்வொரு சொல்லும் அதைச் சொன்னவர்களைத்தான் நல்லவர்களாக்குகிறது. முழுவதையும் சொல்லுங்கள். பதிலையும் முழுதாகச் சொல்லுங்கள்.