பாலில் இறங்கிய கண்ணாடி

தோட்டப் பள்ளியில் நாலாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து கிடந்தது. மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் நானும் அக்காவும் பால்வெட்டினோம். அக்கா கணவனை இழந்தவள். இந்தியாவில் அவளுக்கு ஒருவரும் இல்லை. தோட்டத்திலோ ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பாலில் தண்ணீர் கலக்கிறவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்று காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, சொல்லியிருந்தார்கள்.

பாலைச் சோதிக்க ஸ்டோரில் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. அடியில் குண்டு வைத்தது. பாலில் விட்டால் மிதக்கும். எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்துப் பாலின் தரத்தைச் சொல்லலாம். உள்ளே எண்கள் எழுதிய தாள் பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டது. பால் கணக்கெழுதும் பழைய கிராணி பழக்கத்தில் பார்த்துக்கொண்டார். அவரை நிறுத்திவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு டவுனிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் மாட்டுப்பால் வியாபாரியிடம் இருந்தவர்.

மாட்டுப்பால் தண்ணீரைவிடக் கனம். தண்ணீர் கலந்தால் கனம் குறையும், கண்ணாடி இறங்கும். ரப்பர் பால் நேர்மாறு. ரப்பர் தண்ணீரைவிட லேசு. நல்ல பாலில்தான் கண்ணாடி ஆழமாக இறங்கும். உறைந்த கட்டிப்பால் சாக்கடையில் மிதந்துபோவதைத் தினமும் எல்லோரும் பார்த்தோம். புதுக் கிராணியும் பார்த்தார். ஆனாலும் கண்ணாடி இறங்கிய பாலுக்கெல்லாம் அரைப் பேர் போட்டார். அரை நாள் கூலி போயிற்று.

ஆட்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பக்கத்து மர வரிசையில் வெட்டுகிற நிரைக்காரி அக்காவிடம் சொன்னாள்:

"ஒரு மங்கு தண்ணி ஊத்துக்கா. கண்ணாடி தன்னால நிமிர்ந்து நிக்கும். கிராணிக்கு அதான்லா புடிக்குது."

"தண்ணி ஊத்துறவங்களத்தானே கப்பல்ல ஏத்துறாங்க. அதையே நான் செய்யவா?"

"செய்யாதவளத்தான் ஏத்துவான், பாரு."

அன்று அக்காவின் வாளியில் கண்ணாடி கழுத்துவரை இறங்கியது.

"எந்த ஆத்துத் தண்ணி இது?" என்றார் கிராணி.

"ஊத்தலைங்கய்யா. மழைகூடப் பேயல."

நான் வரிசையை விட்டு முன்னால் வந்து சொன்னேன். "நல்ல பால்லதாங்க அது எறங்கும். பழைய கிராணி அப்படித்தான் பார்ப்பாரு."

"பழைய கிராணி இப்ப எங்க இருக்காரு? அங்க நீயும் போறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாளியில் பாதி தண்ணீர்.

கிராணி அக்காவின் பேரைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டார். நான் கங்காணியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்காவின் பாலைத் தனித் தட்டில் உறையவைக்கச் சொல்லிக் கேட்டேன். தண்ணீர்ப் பாலென்றால் உறைந்த ரப்பர் ஷீட் மெலிசாக வரும், மறைக்க முடியாது.

"சரிடா, வைக்கச் சொல்றேன்," என்றார். "கெட்டியா வந்தா தொரைகிட்ட நானே பேசுறேன்."

அக்கா அதைக் கேட்டு, கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துச் சட்டி பானையை அடுப்படியில் அடுக்கினாள்.

மறுநாள் ஷீட் கெட்டியாகவே வந்தது. கங்காணி அதை விரலால் அழுத்திப் பார்த்தார். பேர் துறைமுகத்துக்குப் போய்விட்டது, இனி துரையிடம் சொல்லிப் பயனில்லை என்றார். ஷீட்டை மற்றவற்றோடு புகைவீட்டில் தொங்கவிட்டார்கள். அக்கா மத்தியான லாரியில் போனாள்.