புல் பாலத்துக்கு வழி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் பிளேஸ்டோவில் படம் கழுவும் கடையொன்றில் வேலை செய்தேன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத நான், மற்றவர்களின் விடுமுறைப் படங்களில்தான் உலகம் சுற்றினேன்.

ஒருநாள் யாழ்ப்பாணத் தாதி ஒருவர் பெரு நாட்டில் எடுத்த படச்சுருளைத் தந்தார். எல்லோரும் எடுத்துவரும் மலையுச்சி இடிபாடு அதில் இல்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, முழுக்கப் புல்லால் பின்னிய தொங்குபாலம் இருந்தது. புல் எப்படி ஆளைத் தாங்கும்? கேட்கக் கூச்சம். களவாக ஒரு பிரதி எடுத்து மெஷினில் ஒட்டிவைத்தேன்.

படங்களை எடுக்க வந்தவர் அதைக் கண்டுவிட்டார்.

“இது என்ர படமெல்லோ, தம்பி?”

“ஓம் அக்கா. பிழைதான்.”

வேலை போனது என்றே நினைத்தேன். அவரோ படத்தைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் கூஸ்கோ நகரில் எந்த பஸ் எடுப்பது, எங்கே இறங்குவது என்று எழுதித் தந்தார்.

“யூன் மாசம் போம். ஊர்ச்சனம் கூடிப் புல்லை வடமாத் திரிச்சுப் புதுப் பாலம் போடுவினம்.”

“எனக்கு விசாவே இல்லை, அக்கா.”

“அவசரமில்லை. வருசாவருசம் போடுவினம்.”

லண்டனில் அதுவரை எல்லோரும் நான் எங்கிருந்து வந்தேன் என்றே கேட்டிருந்தார்கள்; போவதற்கு ஓரிடம் சொன்னவர் அவர்தான். அந்தப் படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி.