காபசோவிடம் ஒரு கேள்வி

முசோண்டாவுக்குக் கிதார் வரும், பாட்டெழுத வராது என்று வுசகிலே சுரங்கக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் அடிக்கிற அடியில் சுரங்க மன்றத்தின் தகரக் கூரையே அதிரும். ஆனால் வரிகள்? வானொலியில் கேட்ட இங்கிலீஷ் காதலையே திருப்பி ஒப்பிப்பான். டிரம்ஸ் அடிக்கிற லெவி விடமாட்டான். "என் பொண்டாட்டி சும்மாவே அழறவ. உன் பாட்டைக் கேட்டு அவகூட கொட்டாவி விடறாடா!"

அப்புறம் அண்ணன் காபசோ செத்தான். ஒத்திகைக்குப் போகணும் என்று முசோண்டா கெஞ்சியதால், அவனுக்குப் பதிலாக அவனுடைய சுரங்க ஷிப்டில் இறங்கியவன் அண்ணன். பாறை சரிந்தது. அதற்குப் பிறகு முசோண்டா சுரங்கத்துப் பக்கமே போகவில்லை.

ஆனால் பாட்டு வந்தது. வீட்டில் பேசுகிற பெம்பா மொழியிலேயே வந்தது. "காபசோ, கல்லுக்கடியில் கிடக்கிறாயே, என்மேல் கோபமா?" அவ்வளவுதான். அடுத்த வரி எவ்வளவு முட்டியும் வரவில்லை. ஒத்திகையில் அந்த ஒரு வரிக்கே லெவி குச்சியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அம்மா காதுக்குப் போனதும் வீடு ரெண்டுபட்டது. ஏன் படாது? செத்தவன் இடத்தில் இன்னொருவனை வைக்கிற வழக்கப்படி, துக்கம் முடிந்த அன்றே சித்தி மகன் சான்சாவுக்கு அண்ணனின் இடுப்பு வாரைக் கட்டி, பேரையும் கொடுத்தாயிற்று. அன்றிலிருந்து அவன்தான் காபசோ. "காபசோ சாப்பிட்டானா?" என்று கேட்டு அம்மா அவனுக்குத்தான் முதலில் ன்ஷிமாக் களி வைப்பாள். அந்தப் பேர் மறுபடி வீட்டுக்குள் நடமாடியதில்தான் அவள் உயிர் நின்றது. முசோண்டா மட்டும் வீம்பாக "டேய் சான்சா" என்றான். தன்னைவிடச் சின்னவனை அண்ணன் என்று கூப்பிட அவனுக்கு நாக்கு எழவில்லை.

"உசிரோட இருக்கிற பிள்ளையைக் கல்லுக்கடியில போட்டுப் பாடுவியா?" அம்மா கத்தினாள். "அவன் தினம் சுரங்கத்துல இறங்குறவன்டா, பாவி! பேரை எடுத்துட்டுப் பாடு."

"பேரை எடுத்தா அது பாட்டே இல்லம்மா."

"அப்ப பாட்டே வேணாம். மீறிப் பாடினா இந்த வாசப்படி மிதிக்காத."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மன்றத்தில் கச்சேரி. கூட்டம் நெருக்கியடித்தது. முன்வரிசையில் கைகட்டி நின்றான் சான்சா. அம்மா அனுப்பியிருப்பாள் என்று முசோண்டாவுக்குப் புரிந்தது.

கிதார் அழைத்தது. வாயைத் திறந்தான், "காபசோ" என்றான், அத்தோடு நின்றான். கல் என்று சொன்னால் அம்மா இல்லை. சொல்லாமல் இறங்கினால், எழுதிய ஒரே உண்மையும் இல்லை. லெவி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். முசோண்டா சான்சாவைப் பார்த்தான்.

"காபசோ அண்ணா," என்று அவனைப் பார்த்தே பாடினான், "என்மேல் கோபமா?"

பேர் சொல்லிக் கூப்பிட்டால் பேரை வாங்கியவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். சான்சா கட்டிய கைகளைப் பிரித்தான்.

"ஆமாடா, கோபம்தான். உன் ஷிப்டுல நான் போனேன்."

முசோண்டா குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை நாளும் வராத அடுத்த வரி அப்போதுதான் வந்தது. அதற்கு மெட்டுகூட இல்லை.

"மன்னிச்சிரு, அண்ணா."

சான்சா மேடை விளிம்புக்கு வந்து அண்ணாந்து பார்த்தான்.

"நாளைக்குக் காலையில என்கூடச் சுரங்கத்துல இறங்கு. மன்னிக்கிறதை அங்க வச்சுப் பேசிக்கலாம்."