அழித்த படம் போன இடம்

கேமராக் கண்ணாடியைத் துடைத்தபடியே போட்டோக்காரம்மா பெட்டியின் அடியில் எட்டிப் பார்த்தாள். ஒரு பச்சை விளக்கு கண்ணடித்தது. போன வாரம்வரை அது அங்கே இல்லை.

உரிமம் வாங்கும் அலுவலக வாசலில், திரைச்சீலை போட்ட அந்தப் போட்டோ பெட்டிக்கு ஏழு வருடமாக அவள்தான் காவல். மூக்கு கோணிவிட்டது, கண் மூடிவிட்டது என்று வருகிறவர்களின் வேண்டாத படங்களை நீக்கிவிட்டு, "அழிச்சாச்சு, போங்க" என்பாள். அந்தச் சொல்லை நம்பித்தான் சற்று முன் ஒருத்தி படமெடுத்துக்கொண்டாள். அடிக்கிற புருஷனிடம் தப்பி, பக்கத்துப் பெண்கள் விடுதியில் இருப்பவள்.

"படம் எங்கயும் தங்கக் கூடாதுக்கா. அவரு தேடிட்டிருக்காரு."

அச்சு வந்ததும் அழித்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

பெட்டி முதலாளியின் மச்சான் பழுது பார்க்க வந்திருந்தான். அவனைப் பிடித்தாள். "என்னய்யா, புதுசா மினுக்குது?"

"உங்க அழகைப் பார்த்துதான்க்கா."

"என் அழகு கிடக்கட்டும். உன் முழியே சரியில்லையே."

அவன் சிரித்து நழுவினான். அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. உள்ளே உட்கார்ந்து, நாக்கைத் துருத்தி ஒரு படம் எடுத்தாள். உடனே அழித்தாள். எதிரே இருந்த முதலாளியின் கடைக்கு நடந்தாள்.

கடை வாசல் டிவியில் தெருவைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது அவள் முகமேதான். அடுத்து வந்தது விடுதிப் பெண்.

"தானா வரும்மா," என்றார் முதலாளி பெருமையாக. "பெட்டியில புதுப் படம் விழுந்தா இங்க ஒரு நகல். விளம்பரத்துக்கு. மச்சான் மூளை."

"நான் அழிச்சா?"

கடைக்குள் இருந்த மச்சான் தலையைச் சொறிந்தான். "புதுசா வர்றது மட்டும்தான் அதுக்குத் தெரியும்க்கா. அழிச்சது தெரியாது."

அவள் டிவி வயரைப் பிடுங்கினாள். "உங்களுக்கு விளம்பரம். அவளுக்கு உயிருய்யா."

முதலாளி கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "அழிச்சாச்சும்மா."

தன் சொல்லையே இன்னொருவர் வாயில் கேட்டபோது, அதை எத்தனை லேசாகச் சொல்லிவிட முடிகிறது என்று பட்டது. "காட்டுங்க" என்றாள். கடைசிப் படம் போகும்வரை நகரவில்லை. பிறகு விடுதிக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அழுதாள். விடுதிக் காப்பாளர் வேறு ஊர் விடுதிக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை வண்டி வந்தது. போட்டோக்காரம்மா அந்தப் பெண்ணின் பையைத் தூக்கி ஏற்றினாள். வண்டி திரும்பியதும் பெட்டிக்கு வந்து, மச்சானைக் கூப்பிட்டு, பச்சை விளக்கு வைத்த அந்த நகல் அனுப்பும் கருவியைத் தன் கண் முன்னால் கழற்ற வைத்தாள்.