நசியேகு சிங்கத்தைத் தேடிப் போன வெள்ளிக்கிழமை

நசியேகுவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் மாசாய்ப் பக்கத்தில் குறைவு. எம்பகாத்தி ஆற்றுக்குத் தெற்கே, துவாலா போகிற சாலையில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். புருஷன் சருனி இறந்த மறுமாதமே கொழுந்தன் லெகிஷோன் வந்து நின்று, "அண்ணி, ஆடுகளையெல்லாம் என் பட்டிக்கு ஓட்டிட்டு வந்துடுங்க. ஒத்தப் பொம்பளையா ஏன் கஷ்டப்படணும்? நான் பாத்துக்கிறேன்" என்றான். ஈரம் காயாத கண்ணோடு உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தி, "முதல்ல ஒன் பொண்டாட்டியைப் பாத்துக்க தம்பி. அவ செருப்பு அறுந்து ஒரு வாரமாச்சு" என்றாள். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அது ஆறு வருஷத்துக்கு முந்திய பேச்சு. அன்றைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு இருந்த ஆடுகள் இன்றைக்குப் பட்டி கொள்ளாமல் நிற்கின்றன. லெகிஷோனின் மந்தை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவன் கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் அவள் பட்டிக்குள் ஏதோ நுழைந்தது. நசியேகு எழுந்து கத்திக்கொண்டு ஓடுவதற்குள் இரண்டு ஆடுகள் கழுத்து முறிந்து கிடந்தன, ஒன்றைக் காணவில்லை. வாசலை அடைத்திருந்த முள்கட்டு உள்பக்கமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் தேசியப் பூங்கா. நகரத்துப் பக்கம் மூன்று திசையிலும் வேலி போட்டவர்கள் எங்கள் பக்கத்தை மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள், வரிக்குதிரைகள் போய் வர வேண்டுமாம். வரிக்குதிரைக்குத் திறந்த வழி சிங்கத்துக்கு மூடியா இருக்கும்? "சிங்கம்தான்" என்றாள் நசியேகு. வனக்காவலர்கள் இருவர் வந்து தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மிரண்ட ஆடுகள் மண்ணைக் கிளறிப் போட்டிருந்ததில் கால்தடம் ஒன்றும் தேறவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் லெகிஷோனுக்கு அது போதுமானதாக இருந்தது. "சிங்கமும் இல்ல, ஒன்னும் இல்ல. தெருநாய்ங்க வேலை. வாசலைச் சரியா அடைக்காம தூங்கியிருக்காங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனான். அவன் சொன்னதில் விஷம் இருந்தது. சிங்கம் அடித்தால் அது யார் தவறும் இல்லை, பத்து வீட்டுக்காரர்கள் வந்து வேலி கட்டித் தருவார்கள். நாய் அடித்தால் பட்டிக்காரரின் அலட்சியம். அலட்சியக்காரர் கையில் மந்தையை விடுவதா என்று பெரியவர்கள் கூடிப் பேசலாம். சனிக்கிழமை ஊர்ப் பெரியவர் ஒலே பர்திமோ வீட்டு முற்றத்தில் கூட்டம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமைக்குள் சிங்கம்தான் என்று காட்டாவிட்டால் அவள் ஆடுகள் கொழுந்தன் பட்டிக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை மதியம் அவள் வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஏறிய நீலம் போக மாட்டேன் என்றது. திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான் ஆடுகளுக்கு அடையாளம் வைத்திருந்தாள். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், ஒரு இடம். லெகிஷோன் வீட்டுக்குச் சிவப்பு, பின்தொடையில். சருனி வீட்டுக்கு நீலம், பிடரியில். பெயிண்ட் காய வேண்டுமென்று எல்லாரும் காலையில் அடிப்பார்கள். அவளுக்கு அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் சுமக்கிற வேலை, சாயங்காலம்தான் கை ஒழிந்தது. அடித்த கையிலேயே இன்னும் கழுவக் கழுவப் போகவில்லை. அப்படியானால் அந்த ஈரப் பிடரியைக் கவ்வி ஆற்றைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனவன் வாய்?

மண்ணெண்ணெய்த் துணியை வீசிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே மட்டாட்டு வேன் பிடித்து, ஆற்றைச் சுற்றிக்கொண்டு நகரத்துப் பக்கம் போய், பூங்காவின் பெரிய வாசலில் இறங்கினாள். பிறந்ததிலிருந்து எதிர்க்கரையில் நின்று பார்த்த இடம், ஆனால் வாசல் வழியாக நுழைவது அன்றுதான் முதல் தடவை. அரைநாள் சவாரி போகும் வேன்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் ஓர் இருக்கை காலி. அதன் ஓட்டுநர் ஒக்வேனோ என்கிற லுவோ இனத்து ஆள், தொப்பையும் கூலிங்கிளாஸுமாக இருந்தான். சிவப்புப் போர்வையும் மணிமாலையுமாக வந்தவளைப் பார்த்து, "அம்மா, இது துவாலா வண்டி இல்ல. சிங்கம் பாக்கப் போற வண்டி" என்றான்.

"தெரியும். என் ஆட்டைத் தின்னவனைப் பாக்கத்தான் போறேன். நகரு."

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண், உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்று எல்லாரையும் கேட்பது போல இவளையும் கேட்டுவிட்டாள். "எங்க பாட்டன் மாடு மேய்ச்ச எடத்துக்கு வேலியப் போட்டுட்டு, எந்த நாடுன்னு என்னையே கேக்குறியாம்மா?" என்று அடையாள அட்டையை ஜன்னலுக்குள் தள்ளினாள் நசியேகு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

வேனில் மொத்தம் நாலு பேர். கெமுந்தோ என்கிற கிசி இனத்துப் பெண்ணும் அவள் புருஷனும், கல்யாண நாளுக்கு வந்தவர்கள். முழங்கை நீளத்துக்குக் கேமரா வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். நாலாவது ஆள் நசியேகு, கூரை திறந்ததும் முதலில் எழுந்து நின்றவளும் அவள்தான்.

ஒட்டகச்சிவிங்கிகளுக்குப் பின்னால் நகரத்துக் கட்டடங்கள் நின்றன. கெமுந்தோ தம்பதி படம் எடுத்துத் தள்ளினார்கள். தூண்கள் மேல் ரயில் ஒன்று போயிற்று. நசியேகு இதையெல்லாம் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு புதராகத் துழாவிக்கொண்டு வந்தாள். பெரியவர் ஒரு பறவையைக் காட்டி ஏதோ சொன்னார். "சிங்கம் அங்க ஒக்காந்துருக்கான்னு கேளும்மா" என்றாள் கெமுந்தோவிடம். கதையை அதற்குள் கெமுந்தோ முழுக்கக் கேட்டு வாங்கியிருந்தாள், பெரியவருக்கும் சொல்லிவிட்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு ஒக்வேனோவின் ரேடியோ கரகரத்தது. சிங்கத்தைச் சிம்பா என்றால் வெள்ளைக்காரர்களுக்கும் புரிந்துவிடும் என்பதால் ஓட்டுநர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "மீசைக்காரர் வீட்டுல இருக்காரு, அணைக்கட்டுப் பக்கம்" என்றது ரேடியோ. அங்கே போய்ச் சேர்ந்தால் ஏற்கெனவே பதினாலு வண்டி. நடுவில் இரண்டு பெண் சிங்கங்கள் மல்லாந்து தூங்கின. நசியேகு பெரியவரின் கேமராவைக் கிட்டத்தட்டப் பிடுங்கி அதன் வழியாகப் பார்த்தாள். மோவாய் இரண்டும் சுத்தம்.

"இதுங்க இல்ல" என்றாள்.

"அம்மா, சிங்கம்னா சிங்கம். படம் புடிச்சாச்சு. பதினோரு மணிக்கு வாசல்ல இருக்கணும்" என்றான் ஒக்வேனோ, வண்டியைத் திருப்பியபடி.

"தெக்க போ. ஆத்தோரம் பாறை இருக்கு. ராத்திரியெல்லாம் அங்கேருந்துதான் உறுமுறான். நான் படுத்துக்கிட்டுக் கேக்குறேன்."

"அந்தப் பக்கம் எந்த வண்டியும் போகலம்மா. ரேடியோவுல ஒருத்தனும் சொல்லல."

"ரேடியோவா ஆடு மேய்க்குது? நான் சொல்றேன், போ."

"அரைநாள் வண்டிம்மா இது. நேரம் தாண்டுனா முதலாளி என்னைத் தோலை உரிச்சிடுவாரு."

"ஒன் தோலுக்குப் பயப்படுறியே, நாளைக்கு என் ஆட்டையே ஓட்டிட்டுப் போகப் போறாங்கப்பா!" சொல்லும்போது அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. உடனே அதற்காகத் தன் மேலேயே கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெமுந்தோ பெரியவரிடம் வேகமாக ஏதோ சொன்னாள். பெரியவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தெற்கே கை காட்டினார். கெமுந்தோவின் புருஷன், "எங்களுக்கும் அவசரமில்ல அண்ணே" என்றான். ஒக்வேனோ வாய்க்குள் தன் மொழியில் எதையோ முனகிக்கொண்டே வளைத்தான்.

ஆற்றுப் பள்ளத்துக்கு மேலே, பாதையிலிருந்து முப்பது அடி தள்ளி, ஒரு புதர் நிழலில் அவன் படுத்திருந்தான். ஆண் சிங்கம். பிடரி மட்டும்தான் தெரிந்தது, முகம் அந்தப் பக்கம். ஒக்வேனோ என்ஜினை அணைத்தான். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். ஒரு தடவை வாலை ஆட்டினான், அவ்வளவுதான். "மூச்சு விடாதீங்க. சத்தம் போட்டா என் லைசென்ஸ் போயிடும்" என்று கிசுகிசுத்தான் ஒக்வேனோ. மணி பத்தே முக்கால்.

நசியேகு அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காணாமல் போனது அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. அதைத் தின்றுவிட்டு இவன் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறான், லெகிஷோன் நாய் என்கிறான், ஊர் தலையாட்டுகிறது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது.

"டேய்! ஆட்டுத் திருடா! சாப்ட்டுட்டுத் தூங்குறியா? மூஞ்சியக் காட்டுடா!"

பட்டியிலிருந்து ஆறு தாண்டிக் கேட்கிற குரல் அது. ஒக்வேனோ ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். சிங்கம் சாவகாசமாக எழுந்து உட்கார்ந்து, யார் இந்தப் பொம்பளை என்பது போலத் திரும்பிப் பார்த்தது. வாயோரத்திலிருந்து தாடி வரைக்கும் நீலம். விசேஷத்துக்குப் போகிறவர் பூசிக்கொண்ட மாதிரி பட்டையாக, பளிச்சென்ற நீலம். பெரியவரின் கேமரா நிற்காமல் சடசடத்தது. நசியேகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தான், பாவி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கெமுந்தோ அவளைக் கட்டிக்கொண்டாள்.

"சத்தியமா சொல்றேன், இனிமே மாசாய்க்காரிங்கள ஏத்த மாட்டேன்" என்றான் ஒக்வேனோ. சொல்லிவிட்டு அவனும் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். வாசலுக்கு வர முக்கால் மணி நேரம் தாமதம். கேட்ட முதலாளிக்கு டயர் பஞ்சர் என்று பதில் போயிற்று.

மதியமே கெமுந்தோ அவளை நகரத்துக்குள் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய், பெரியவர் எடுத்த படத்தைத் தட்டு அளவுக்குப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் படம் கை கைக்கு மாறியது. பெரியவர்கள் தூரத்தில் வைத்துப் பார்த்தார்கள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள், சிரித்தார்கள். லெகிஷோன் மட்டும் சிரிக்கவில்லை. "பெயிண்ட் எங்க வேணாலும் ஒட்டும். இதை வச்சு என்ன சொல்ல முடியும்?" என்றான்.

"ஏன்டா, ஒங்க அண்ணி சிங்கத்தைப் புடிச்சு வச்சு அடிச்சு விட்டாளா?" என்றார் ஒருவர்.

"அடிச்சாலும் அடிப்பா" என்றார் இன்னொருவர். முற்றம் கொல்லென்று சிரித்தது.

லெகிஷோன் சளைக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, குரலைக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "சரி, சிங்கம்தான், ஒத்துக்கிறேன். அப்ப இன்னும் மோசமில்லையா? ஆம்பளை இல்லாத வீடுன்னு அது மோப்பம் புடிச்சுடுச்சு. மறுபடியும் வரும். அண்ணி உசுருக்கு யாரு பொறுப்பு? ஆடுகளை நம்ம பட்டியில சேத்துடறதுதான் அவங்களுக்கும் நல்லது."

ஒன்றிரண்டு தலைகள் ஆடின. ஒலே பர்திமோகூட மோவாயைத் தடவினார். அதைப் பார்த்துத்தான் நசியேகுவுக்கு உறைத்தது. சிங்கமானாலும் நாயானாலும் இவர்களுக்கு ஒன்றுதான். ஒருநாள் முழுக்க அலைந்து கொண்டுவந்த படம் இப்போது அவளுக்கு எதிராகவே நிற்கிறது. அவள் எழுந்தாள்.

"போன வருஷம் மழைக்கு முன்னாடி ஒன் பட்டியில சிங்கம் நாலு ஆட்ட அடிச்சுச்சே, ஞாபகம் இருக்கா தம்பி? ஆம்பளை இருக்குற வீடு. ஆம்பளை அன்னைக்கு என்ன பண்ணுச்சு? கதவைச் சாத்திக்கிட்டுப் பொண்டாட்டிய வெளிய போய்ப் பாக்கச் சொல்லுச்சு. அவளே இங்க ஒக்காந்திருக்கா, கேட்டுக்குங்க. அன்னைக்கு ஒன் மந்தையை எவன் வந்து தன் பட்டியில சேத்துக்கிட்டான்? எந்தக் கூட்டம் கூடுச்சு?"

லெகிஷோனின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

ஒலே பர்திமோ தொண்டையைச் செருமினார். "நசியேகு, உக்காரும்மா. பெரியவங்க பேசி ஒரு தீர்ப்புக்கு வருவோம்."

"நிதானமா வாங்கய்யா. எனக்கு ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று அவள் படத்தை வாங்கிப் போர்வைக்குள் செருகினாள்.

"தீர்ப்பைக் கேக்காமப் போனா எப்படி?" என்று கத்தினான் லெகிஷோன்.

அவள் நின்று திரும்பினாள். "தீர்ப்பு எதுவா இருந்தாலும் ஆட்டை ஓட்ட யாராவது ஒருத்தன் வரணும்ல? வரட்டும். பட்டிவாசல்லதான் நிப்பேன். சிங்கத்தையே மூஞ்சியக் காட்டுன்னு கேட்டவ நான், வர்றவன் மூஞ்சியும் எனக்குத் தெரியணும்."

அது நடந்து இரண்டு வருஷமாகிறது. யாரும் வரவில்லை.