ஷமீமின் கவிதையை நான் திருத்தியது

போன வாரம் பருத்திப்பட்டில் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், ஐ.டி.காரர், வீட்டுக்கு வந்து மத நல்லிணக்கக் கவியரங்கத்துக்கு நான் தலைமை தாங்க வேண்டும் என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். எனக்கு வெட்கம் என்பது எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். கூடவே ஒரு பொன்னாடையும் தந்தார். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள், முப்பது வருஷம் பின்னால் போய் விழுந்தேன்.

எங்கள் இலக்கிய மன்றத்து அலமாரியில் அதே வாடைதான் அடிக்கும். அப்போது ஆவடியில் ஒரு தையல் தொழிற்சாலையில் நான் கிளார்க். குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மன்றம் நடந்தது. திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த நாங்கள், மதராஸ்காரர்களிடமிருந்து தமிழைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தோம். மாதம் ஒருமுறை கூடி ஒருவர் கவிதையை மற்றவர் புகழ்வோம். படித்ததெல்லாம் கிடையாது. நான் செயலாளர். எனக்குக் கவிதை வராது. அடுத்தவர் கவிதையைப் பார்த்தால் திருத்தக் கை அரிக்கும்.

ஷமீம் எங்கள் தொழிற்சாலையில் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண். பூந்தமல்லிக்காரர். வீட்டில் பேசுவது உருது, படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். உருதில் எழுதத் தெரியாது. மன்றத் தலைவரான எங்கள் ஃபோர்மேன், திருநெல்வேலிக்காரர், ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே சொல்வார்: "உருது பேசுத வீட்டுப் பொண்ணு, நம்ம தமிழை எவ்வளவு அழகா எழுதுது பாருங்க." யானை சைக்கிள் ஓட்டியதைப் பார்த்த மாதிரி நாங்கள் கை தட்டுவோம். நோன்புக் கஞ்சி, ஒற்றுமை என்று தலைப்புக் கொடுப்போம். வேறெதையும் அவரிடம் கேட்டதில்லை.

ஒருநாள் அவரே சொன்னார்: "ஊட்ல, 'இன்னாத்துக்கு அவங்க பாஷைல எழுதிகினு கீறே'ன்றாங்க. இங்க வந்தா, 'எங்க பாஷைல எப்பிடி எழுதறே'ன்றீங்க. நான் எங்க சார் போறது?"

நான் சிரித்தேன். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்ட மேதாவி.

அந்த ஆண்டு விழா மலருக்கு ஷமீம் ஒரு கவிதை கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய அம்மா. நர்ஸ் என்னவென்று கேட்கிறாள். தமிழ் தெரியாத அம்மா 'தர்த்' என்று மட்டும் சொல்கிறாள். மகள் அதை 'வலி' என்று நர்ஸுக்குச் சொல்கிறாள். சொன்னவுடன் அது சாதாரண வயிற்றுவலி ஆகிவிடுகிறது. மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கவிதை.

தலைவர் படித்துவிட்டு, "உருதுச் சொல் எதுக்குவே? தூய தமிழாக்கி, கடைசியில ஒத்துமையா நாலு வரி போடும்" என்றார். போட்டேன். 'தர்த்'தை எடுத்துவிட்டு 'நோவு' என்று வைத்தேன். மொழி வேறு, மனம் ஒன்று என்று முடித்தேன். முடித்ததை இரண்டு முறை படித்து ரசிக்கவும் செய்தேன்.

விழா மேடையில் ஷமீமுக்குப் பொன்னாடை போர்த்தி மலரைக் கையில் கொடுத்தார்கள். படிக்கத் தொடங்கியவர் மூன்றாவது வரியில் நின்றார். பக்கத்தின் அடிவரை கண்ணை ஓட்டினார்.

"எங்கம்மா இத்த சொல்லல சார்" என்றார் மைக்கில். "நோவுன்ற வார்த்தை அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பாங்க."

மலரை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். சகோதரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சொல்லித் தலைவர் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். நானும்தான்.

அதற்குப் பிறகு ஷமீம் மன்றத்துப் பக்கம் வரவில்லை. நான் ஓய்வு பெற்றபின், கரையான்சாவடியில் அவர் தையல் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அந்தக் கவிதையை நீங்கள் எழுதியபடியே படிக்க வேண்டும், இருக்கிறதா என்றேன்.

துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க கைலதான சார் குடுத்தேன்" என்றார். "வேற தாள்ல எழுதி வெக்கல. அப்புறம் எதுவும் எழுதவும் இல்ல."

அச்சுக்குப் போய் வந்த அந்தத் தாளை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

தலைவர் போய்ச் சேர்ந்தார். மன்றம் கலைந்தது, கொட்டகையையும் பிரித்துவிட்டார்கள். அதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஷமீம் எழுதியதில் ஒரு வரிகூட இன்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. நான் எழுதிச் சேர்த்த நாலு வரியும் மனப்பாடமாக இருக்கிறது.