அறுபதைத் தொட்டால் ஆடும் வான்

முதலில் பல்லுக் கூசும். பிறகு அப்பா பிடித்திருக்கும் ஸ்ரியறிங்கில் தொடங்கிய நடுக்கம் கண்ணாடியில் தொங்கிய செபமாலைக்குப் பரவி, அம்மாவின் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கடகடவென்று அடிக்கவைக்கும். எங்கள் "வான்" அறுபதைத் தொட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம். வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கத் தேவையே இல்லை. அப்பா காலைத் தளர்த்துவார், நடுக்கம் அடங்கும், பின்னால் வந்த பஸ் கோன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போகும், எனக்கு அழுகை வரும்.

அழுகைக்குக் காரணம் இருந்தது. என் அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வீட்டு ஆட்கள் போய்ப் பார்க்கலாம். பின்னேரச் செபத்துக்கு மணி அடித்தால் அவ்வளவுதான், பேசிக்கொண்டிருந்த கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு எழும்பிவிடுவாள். பயிற்சி முடிந்து துறவற வார்த்தைப்பாடு கொடுத்ததும் எந்த நாட்டுக்கு அனுப்புவார்களோ தெரியாது என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். ஆகவே அக்கா எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஞாயிறுகளில் மட்டும்தான், அவற்றையும் இந்த மூதேவி வான் தின்றுகொண்டிருந்தது. பூசையை விடவும் முடியாது, பஸ்ஸில் போனால் அன்றைக்கே திரும்பி வரவும் முடியாது. பூசை முடிந்து வெளிக்கிட்டு, உருட்டி உருட்டிப் போய்ச் சேர்ந்தால் மடத்தில் கதிரையில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மணி அடிக்கும்.

மற்ற நாட்களில் அது மீன் வான். மன்னார்ப் பள்ளிமுனைக் கரையில் மீன் ஏற்றி வெள்ளாங்குளம் வரைக்கும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பதுதான் அப்பாவின் தொழில். வாங்கிய காலத்தில் அந்தத் தெரு முழுக்கக் குண்டும் கிடங்கும். நாற்பதில் ஓடினாலே பெரிய காரியம் என்பதால் வானுக்குள் இப்படியொரு வருத்தம் இருப்பது யாருக்கும் தெரியாது. வழுவழுவென்று "காப்பெற் றோட்டு" போட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. "கிடங்குக்குள்ளை குழந்தைப்பிள்ளை மாதிரி வந்தது, நல்ல றோட்டைக் கண்டவுடனை ஆட்டம் போடுது" என்று அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறைப்பாடு சொன்னார்.

அம்மாவுக்குத் தெரிந்த முதல் வைத்தியம் கோயில். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வானை மந்திரிக்கச் செய்தார். முன்பக்கத்தில் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பியவரிடம், "ரயருக்கும் ஒருக்காத் தெளிச்சு விடுங்கோ சுவாமி, வருத்தம் அதிலைதான் எண்டு நினைக்கிறன்" என்று அப்பா கேட்டார். சுவாமி சிரிக்காமல் நாலு ரயருக்கும் தெளித்தார். "நீரும் கொஞ்சம் மெல்லமா ஓட்டும்" என்று சொல்லிவிட்டும் போனார். மெல்லமாக ஓட்டுவதுதானே எங்களுடைய கரைச்சலே.

ஆட்டம் ஒன்றென்றால் அலைச்சல் வேறொன்று. நேராகப் பிடித்தாலும் வான் தன்பாட்டில் தெருவின் ஓரத்துக்குப் போகும், இழுத்தால் நடுவுக்கு வரும். அதற்கான காரணம் அப்பாவின் பழக்கத்திலேயே இருந்தது. மணலுக்குள் புதையாமலிருக்கக் கரையில் இறங்குவதற்கு முன் ரயர்களில் காற்றைக் குறைப்பார், மீன் ஏற்றித் தெருவுக்கு வந்ததும் காலால் மிதிக்கும் பம்பால் திருப்பி அடித்து, பெருவிரலால் அமத்திப் பார்த்து, "இவ்வளவு காணும்" என்பார். பெருவிரலுக்கு நாலு ரயரும் ஒன்றுதான், தெருவுக்கு அப்படியில்லை. ஒருநாள் பெற்றோல் செற்றில் அளந்து பார்த்தபோது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்ததாம். சரியாக அடித்த அன்றோடு அலைச்சல் போயிற்று. ஆட்டம் போகவில்லை.

அப்பா விடவில்லை. ஒரு சனிக்கிழமை வானை முற்றத்தில் "ஜக்கு" வைத்துத் தூக்கி, முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் பூட்டினார். திறந்திருந்த படலைக்குள்ளால் வந்த கழுதை ஒன்று, கழற்றி வைத்த சில்லை மணந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து பெருந்தெருவுக்குப் போய் முள்ளை அறுபதுக்கு விட்டார். ஸ்ரியறிங் அசையவில்லை. ஆனால் பின் இருக்கையில் இருந்த எனக்கு அடியில் ஆடத் தொடங்கியது. "அப்பா, இஞ்சை ஆடுது" என்றேன். அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். "அப்ப எஞ்சினும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்த ரண்டு சில்லுந்தான்" என்று தொடையில் தட்டினார். அம்மா, "இதை முந்தியே செய்திருக்கலாமே" என்றார்.

அந்த இரண்டு சில்லுகளையும் கழற்றி மன்னார் ரவுணில் இருந்த ரயர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஒரு சில்லை மெசினில் சுழற்றிவிட்டு, "இதிலை இருந்த ஈயம் எங்கை?" என்று கேட்டார். சில்லு எந்தப் பக்கமும் பாரம் கூடாமல் சமமாகச் சுற்றுவதற்காக இரும்பு விளிம்பில் சின்னச் சின்ன ஈயத்துண்டுகளை அடித்து வைப்பார்கள். எங்கள் சில்லுகளில் அவை இருந்த அடையாளம் மட்டும் இருந்தது. "ஆரோ கிண்டி எடுத்திருக்கினம்" என்றார் கடைக்காரர். அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு வேலையை அவரிடம் விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் நேரே போய் வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் தொங்கிய வீச்சுவலையை இறக்கி முற்றத்தில் விரித்தார். வலை தண்ணீரில் தாழ்வதற்கு ஓரத்தைச் சுற்றி ஈயமணி கட்டியிருக்கும். உருண்டை மணிகளுக்கு நடுவே ஒரு பக்கத்தில் தட்டையான, கொஞ்சம் வளைந்த துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நைலோன் நூலால் இறுக்கிக் கட்டப்பட்டு, நுனி வெட்டப்பட்டிருந்தது. அம்மா குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "அவளின்ரை முடிச்சு" என்றார்.

அக்கா மடத்துக்குப் போவதற்கு முன் அப்பாவுக்காக ஆசையாகக் கட்டிய வலை அது. ஈயம் போதாமல் போக, வான் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தது வீண் சாமான் என்று நினைத்து எடுத்திருக்கிறாள். கடற்கரை வீட்டில் பிறந்த யாருக்கும் ஈயத்தைக் கண்டால் வலைதான் ஞாபகம் வரும். எனக்கோ பொல்லாத கோபம். போன ஞாயிறுகள் எல்லாம் போனது இவளால் என்று கத்தினேன். அவற்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்கவா என்று கேட்டேன். "கையை எடு, அதிலை தொடாதை" என்றார் அப்பா. சில்லுகளுக்குப் புது ஈயம் அடிப்பித்தார்.

அடுத்த முறை அறுபதில் ஒரு சத்தமும் இல்லை. எண்பதிலும் இல்லை. மடத்துக் கேற் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். அக்கா வந்து உட்கார்ந்ததும் அம்மாவால் அடக்க முடியவில்லை, முழுக் கதையையும் கொட்டிவிட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நான்தானேயம்மா உங்களை இவ்வளவு நாளும் பிந்தப் பண்ணினது."

அப்பா கையிலிருந்த வான் திறப்புக்கொத்தை உருட்டிக்கொண்டே, "வலை நல்லா விரியுது பிள்ளை" என்றார். அன்றைக்கு மணி அடித்தபோது அக்கா உடனே எழும்பவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஞாயிறுகள் அதிகம் வாய்க்கவில்லை. வார்த்தைப்பாடு கொடுத்த கையோடு அவளை ஆபிரிக்காவுக்கு அனுப்பினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போனில் முகம் தெரியும், பேசிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நிற்கும். அப்பா காலமாகிவிட்டார். வானைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று. அந்தத் தெருவில் நான் இப்போது என்னுடைய காரில் போகிறேன். அது நூறிலும் ஆடாது, அதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை.

போன மாதம் அம்மாவைக் கண் காட்டுவதற்கு யாழ்ப்பாணம் கூட்டிப்போனேன். வேலை கெதியாக முடிந்தது. மடத்து வீதியால் ஒருக்கா விடு என்றார் அம்மா. கேற்றுக்கு எதிரே நிறுத்தினேன். எங்களைத் தெரிந்தவர்கள் உள்ளே யாருமில்லை. இறங்கப் போகிறீர்களா என்று கேட்டேன், தலையை ஆட்டி வேண்டாமென்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேற்றைப் பார்த்தார்.

"இண்டைக்கு நேரத்துக்கு வந்திட்டம், என்ன?" என்றார்.

"ஓமம்மா" என்றேன். உள்ளே மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தோம்.